தரையில் வைத்த கோணம்

சமரசம் என்கிற சொல்லை நம் வட்டத்தில் வசவாகத்தான் உபயோகித்து வருகிறோம். சினிமாவுக்கு வசனம் எழுதப்போன கவிஞனைப் பற்றி, பெரிய பத்திரிகையில் தொடர்கதைக்கு ஒப்புக்கொண்ட சிறுகதைக்காரனைப் பற்றி, பரிசளிப்பு விழாவில் மந்திரிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட விமர்சகனைப் பற்றி இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் அவன் எழுதியதைப் படித்துப் பார்க்கிற சிரமம்கூட நமக்குக் கிடையாது. நானும் இந்த மாதிரிப் பக்கங்களில் இரண்டு மூன்று பேரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறேன். ஒருவர் விஷயத்தில் என் அபிப்பிராயம் இன்றும் மாறவில்லை. ஆனால் சொல்லின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வள்ளலார் தம் சங்கத்தின் பெயரிலேயே முன்னால் வைத்த சொல் இது. அவருக்கு உன்னதமாக இருந்த ஒன்று நமக்கு எப்போது கெட்ட வார்த்தையாயிற்று என்பது தனி ஆராய்ச்சி. அதற்கு நான் ஆளில்லை. எனக்குச் சந்தேகம் வந்த இடம் இலக்கியமே இல்லை. ஒரு சின்ன விமானத்தின் மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர்.

என் பள்ளித் தோழன் ஒருவன் பெங்களூர்ப் பக்கம் ஒரு சிறு விமானத் திடலில் மெக்கானிக்காக இருக்கிறான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மைக்ரோலைட் என்று சொல்லப்படுகிற விமானங்கள்; குழாயும் துணியுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பொழுதுபோகாமல் கட்டிய பொம்மை போலத்தான் இருக்கின்றன. சென்ற ஆண்டு அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் செய்ய ஒன்றுமில்லாமல், அவன் கூப்பிட்டானென்று போனேன். நான் சிறு விமானத்தில் ஏறியதில்லை; அன்றும் ஏறவில்லை. அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். புரொப்பெல்லரின் பிளேடுகளைத் திருப்பிக் கோணம் வைக்கிற வேலை.

முதலில் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இஞ்சின் அணைந்திருக்கிறது என்று தெரிந்திருந்தாலும் புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைக்க வேண்டுமாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். விமானம் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தான். மூன்று பிளேடுகள். அவற்றின் அடிப்பாகத்தை நடுவில் இரண்டு தட்டுகள் சேர்ந்து கவ்விப் பிடித்திருக்கின்றன. தட்டுகளைச் சுற்றி போல்ட்டுகள். போல்ட்டுகளைக் கழற்றாமல் தளர்த்தினான். ஒரு பிளேடைப் படுக்கைமட்டத்துக்குக் கொண்டுவந்து, நுனியிலிருந்து இவ்வளவு தூரம் என்று பென்சிலால் குறித்திருந்த இடத்தில் கோணமானியை வைத்தான். கையால் அசைத்தான், அசைந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை, கோணமானியில் எண் மட்டும் மாறியது. அடுத்த பிளேடைச் சுழற்றி அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதே தூரத்தில், அதே கோணம். பிறகு மூன்றாவது. மூன்றும் பத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒன்றாக இல்லாவிட்டால் பறக்கும்போது விமானம் பூராவும் அதிருமாம். சின்ன அதிர்வுதான், ஆனால் அது நாளடைவில் எதையாவது தின்றுவிடும் என்றான். டார்க் ரெஞ்சை எடுத்து போல்ட்டுகளை எதிரெதிராக, வரிசைப்படி, ஒரே விசையில் இறுக்கினான். இறுக்கி முடித்ததும் மூன்றையும் திரும்ப அளந்தான். ஒன்று நகர்ந்திருந்தது. எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"இறுக்கறப்பதான்டா நகரும்" என்றான்.

விமானத்தைக் கட்டிவைத்து இஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது வேண்டிய சுற்றுக்கு ஏறவில்லை. கோணம் கொஞ்சம் அதிகம். அணைத்து, சாவியை எடுத்து, மறுபடி தளர்த்தி, அரை டிகிரி குறைத்தான். நின்ற இடத்தில் ஓட்டும்போது இஞ்சின் அதன் எல்லைக்குச் சற்றுக் கீழேதான் சுற்ற வேண்டுமாம். விமானம் காற்றில் வேகம் பிடித்ததும் பிளேடின் மேல் பளு குறைந்து சுற்று தானே கூடும், தரையிலேயே எல்லையைத் தொட்டுவிட்டால் ஆகாயத்தில் அது எல்லையைத் தாண்டிவிடும் என்றான். இதற்கெல்லாம் மூன்று மணி நேரம் ஆயிற்று. கேஷ் நேராகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம் என்னுடையது. ஆகவே அலுப்புத் தட்டவில்லை.

எது சரியான கோணம் என்று கேட்டேன். "எதுக்குச் சரி? ஏறதுக்கா, போறதுக்கா?" என்று திருப்பிக் கேட்டான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

மின்விசிறியின் பிளேடை நம் வீடுகளில் றெக்கை என்கிறோம். அது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். விஞ்ஞான ரீதியிலேயே சரியான சொல் என்று அப்புறம் தெரிந்தது. ரைட் சகோதரர்கள் 1903ல் பறந்த விமானத்துக்குப் புரொப்பெல்லர் செய்ய உட்கார்ந்தபோது, கப்பல் கட்டுபவர்கள் இதற்கு ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பார்கள் என்று நம்பித் தேடி ஏமாந்தார்கள். புரொப்பெல்லர் என்பது வட்டத்தில் பறக்கிற ஒரு றெக்கைதான் என்ற எண்ணம் வந்த பிறகுதான் அவர்களுக்கு வழி திறந்தது. றெக்கையானால் அது காற்றை எந்தச் சாய்வில் சந்திக்கிறது என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாய்வு குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் காற்றைத்தான் கடிக்கும். இஞ்சின் லகுவாக, வேகமாகச் சுற்றும். அதன் முழுச் சக்தியும் கிடைக்கும். விமானம் சீக்கிரம் தரையை விட்டுக் கிளம்பும், செங்குத்தாக ஏறும். ஆனால் மேலே போய்ச் சமதளத்தில் ஓடும்போது இஞ்சின்தான் கத்துமே தவிர தூரம் கடக்காது, பெட்ரோல் வீண். சாய்வை அதிகப்படுத்தினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய கடி. மேலே சுகமாக, சிக்கனமாக நெடுந்தூரம் போகும். ஆனால் தரையில் நிற்கும்போது அந்தக் கடி இஞ்சினுக்கு விழுங்க முடியாதது, திணறும். ஓடுதளம் தீர்ந்துபோகிற வரையில் எழும்புமா என்று தெரியாது. மலைப்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் சேர்த்து ஒரே கியர் கொடுக்கப்பட்ட காரைப்போல. ஒரே கட்டையில் அல்லது உலோகத்தில் செய்த, திருப்பவே முடியாத புரொப்பெல்லரானால் இந்தத் தீர்மானத்தைத் தொழிற்சாலையிலேயே எடுத்து முத்திரை குத்திவிடுகிறார்கள். 75க்கு 53 என்றால் 75 அங்குல விட்டம்; மரத்தில் இறங்குகிற திருகாணியைப்போல் வழுக்காமல் போக முடிந்தால் ஒரு சுற்றுக்கு 53 அங்குலம் முன்னேறும். காற்று மரமில்லை என்பதால் அவ்வளவு போகாது.

ஒரே பிளேடிலும் அடியிலிருந்து நுனிவரை கோணம் ஒன்றாக இருப்பதில்லை. நுனி ஒரு சுற்றில் பெரிய வட்டத்தைக் கடக்கிறது, அடி சிறிய வட்டத்தை. ஆகவே அடியில் செங்குத்தாகவும் நுனியில் படுக்கையாகவும் முறுக்கியிருக்கிறார்கள். இன்ன இடத்தில் அளந்த கோணம் என்று சொல்லாவிட்டால் கோணத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு எழுத்தாளன் வீட்டிலும் ஆபீஸிலும் எழுத்திலும் அச்சாக ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் இதை ரொம்ப தூரம் இழுத்தால் எதற்கும் சால்ஜாப்புக் கிடைத்துவிடும், விட்டுவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பியதும், வெகுநாளாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தேன். சார்லஸ் லிண்ட்பெர்க் 1953ல் வெளியிட்ட 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்'. நடைபாதைக் கடையில், அட்டை போன நிலையில் வாங்கியது. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு எங்கும் இறங்காமல், தனி ஆளாக, 1927ல் முதலில் பறந்தவர் அவர். (அவர் பிற்காலத்தில் பேசிய அரசியல், குறிப்பாக 1941ல் யூதர்களைப் பற்றிப் பேசியது, எனக்குச் சகிக்கக்கூடியதாக இல்லை. இங்கே அவருடைய புரொப்பெல்லர்தான் விஷயம்.)

அந்த விமானத்தை ஸான் டியேகோவில் ரயன் கம்பெனி இரண்டே மாதத்தில் கட்டியது. பாரத்தைக் குறைக்க ரேடியோ இல்லை, பாராசூட் இல்லை. இஞ்சின் 223 குதிரைச் சக்தி. பெட்ரோல் 451 அமெரிக்க கேலன். ஏறக்குறைய 1,700 லிட்டர், விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் பெட்ரோலே. புரொப்பெல்லர் ஸ்டாண்டர்ட் ஸ்டீல் என்ற கம்பெனி டூராலுமினில் செய்த இரண்டு பிளேடு. என் நண்பன் கையிலிருந்ததைப் போலவே தரையில் மட்டும் திருப்பி வைக்கக்கூடியது. ஆகாயத்தில் அதைத் தொட வழியில்லை. அத்தனை சுமையோடு நிச்சயமாக எழும்ப வேண்டுமானால் 15.5 டிகிரி என்பது கம்பெனியின் யோசனை. கடைசியில் வைத்தது 16.25. வழியில் பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக.

முக்கால் டிகிரி. அந்த முக்கால் டிகிரி எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். நியூயார்க்–பாரிஸ் பறப்புக்கான பரிசுக்காக முயன்று அதுவரை இறந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர், பிரெஞ்சுக்காரர்கள் நங்கெஸரும் கோலியும், அதே மே மாதம் 8ஆம் தேதி பாரிஸிலிருந்து கிளம்பிக் காணாமற்போனவர்கள். மற்ற நான்கு பேரும் சமுத்திரத்தைக் கண்ணால் காணவே இல்லை. அதிகச் சுமையோடு தரையிலிருந்து எழும்பும்போதே செத்தார்கள். ஆக, மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த இடம் எழும்புகிற அந்த ஒரு நிமிஷம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் லிண்ட்பெர்க்கின் கோணம் அந்த நிமிஷத்துக்கு விரோதமாக, 33 மணி நேரத்துக்குச் சாதகமாக வைக்கப்பட்டது. 1927 மே 20, காலை 7 மணி 52 நிமிஷம். ராத்திரி மழையில் ரூஸ்வெல்ட் திடலின் ஓடுதளம் சேறாகியிருந்தது. ஈரக் காற்றில் இஞ்சின் வழக்கத்துக்கு 30 சுற்றுக் குறைவாக ஓடிற்று. காற்றும் திசை மாறி முதுகுப்பக்கத்திலிருந்து வந்தது. விமானம் சேற்றில் ஓடி, இரண்டு தடவை குதித்து விழுந்து, கடைசியில் ஓடுதளத்துக்கு அப்பாலிருந்த டெலிபோன் கம்பிகளை 20 அடி இடைவெளியில் தாண்டிற்று. புரொப்பெல்லர் எழும்புவதற்காக வைக்கப்பட்டதில்லை, பயணத்துக்காக வைக்கப்பட்டது என்ற ஞாபகம் அந்தச் சமயத்தில் அவருக்கு இருந்திருக்கிறது, புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த இடத்தில் மூடிவைத்துவிட்டேன்.

நாம் சமரசம் என்று ஏசுகிறபோது நம் மனசில் இருக்கும் சித்திரம் என்ன? ஒரு பக்கம் தூய்மை, மறு பக்கம் சந்தை, இரண்டுக்கும் நடுவே கூச்சமில்லாமல் ஒருவன் உட்கார்ந்துகொள்கிறான் என்பது. புரொப்பெல்லரில் அந்த மாதிரித் தூய இடமே கிடையாது. உச்சபட்சச் சாய்வை வைத்துக்கொண்டவன் மிகவும் கண்ணியமாக ஓடுதளத்தின் கடைசிவரை ஓடி வேலியில் முட்டிக்கொள்வான். அப்படி நான்கு கவிதைகளோடு நின்றுவிட்ட நண்பர்கள் நமக்கு இருக்கிறார்கள், அவர்களை நாம் போற்றவும் செய்கிறோம். குறைந்தபட்சச் சாய்வுக்காரன் கூட்டம் கைதட்ட ஜிவ்வென்று எழும்பி, ஊர் எல்லையைத் தாண்டுமுன் பெட்ரோலைத் தீர்த்துக்கொள்வான். வாராவாரம் எழுதுபவர்களில் உதாரணம் தேட வேண்டியதில்லை. பறந்த எல்லோரும் இரண்டுக்கும் இடையில் எங்கோ வைத்துக்கொண்டவர்கள். லிண்ட்பெர்க்கும்தான். ஆனால் இடையில் என்றால் நட்டநடு என்று பொருளில்லை. எந்த வேளையில் தான் திணறப்போகிறோம் என்று முன்கூட்டி அறிந்து, அந்த வேளையைத் தானே தேர்ந்தெடுத்து, போல்ட்டை முறுக்கிவிட்டு ஏறி உட்காருவது அது. சமரசம் என்ற ஒரே சொல்லால் நாம் இதையும் சொல்கிறோம், முறுக்காத போல்ட்டில் பிளேடு பறக்கும்போது நழுவிப்போவதையும் சொல்கிறோம். இவை இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றலாம். நாலு அடி தூரத்தில் நின்ற எனக்கு அன்றைக்கு நகர்ந்த பிளேடுக்கும் நகராத பிளேடுக்கும் வித்தியாசம் தெரியவில்லை; கோணமானிதான் சொல்லிற்று. நான் ஏசி எழுதியவர்களில் எத்தனை பேரை அளந்து பார்த்துவிட்டு எழுதினேன் என்று கேட்டுக்கொண்டால் பதில் கௌரவமாக இல்லை.

இதற்கு ஒரு ஆக்ஷேபம் சொல்லலாம். கோணத்தை ஏன் தரையிலேயே தீர்மானிக்க வேண்டும்? பிரக்ஞையுள்ள மனிதன் ஒவ்வொரு கணத்திலும் அந்தக் கணத்துக்குரிய கோணத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? பொறியியல்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். 1934ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் ஜெயித்த டி ஹாவிலண்ட் கோமெட் விமானத்தில் ராட்டியே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் விசித்திரமான புரொப்பெல்லர் இருந்தது. கிளம்புமுன் சைக்கிள் பம்பால் அதற்குள் காற்று அடித்து, எழும்புவதற்கான சிறு கோணத்தில் பிளேடை நிறுத்துவார்கள். விமானம் வேகமெடுத்ததும் முன்னாலிருக்கும் ஒரு தட்டை எதிர்க்காற்று அழுத்த, உள்ளே அடைத்த காற்று வெளியேறி, பிளேடு பயணக் கோணத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பறப்புக்கு ஒரே தடவை. திரும்ப வராது. மறுபடி இறங்கி, ஒருவன் சைக்கிள் பம்போடு வரவேண்டும். பாக்தாதிலும் அலகாபாத்திலும் சிங்கப்பூரிலும் இறங்கி இறங்கித்தான் 71 மணி நேரத்தில் அவர்கள் மெல்போர்ன் சேர்ந்தார்கள். வயசு இருபதில் ஒரு கோணம், அப்புறம் ஒரே ஒரு தடவை மாறிய கோணம், அதோடு சரி என்று இருக்கிற மனிதர்களை நினைத்துக்கொண்டேன். அநேகமாக எல்லோருமே அப்படித்தான்.

பறந்துகொண்டே மாற்றிக்கொள்ளக்கூடிய புரொப்பெல்லரை நம்பகமாகச் செய்தவர் ஃப்ராங்க் கால்ட்வெல். அதற்காக 1933ஆம் ஆண்டின் காலியர் பரிசு, அவர் பெயரைச் சிறப்பாகக் குறிப்பிட்டு, ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குத் தரப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டில் விமானி கோணத்தைத் தொடுவதுகூட இல்லை. இத்தனை சுற்று என்று மட்டும் நீலக் குமிழ் வைத்த ஒரு பிடியை இழுத்து நிர்ணயித்துவிடுகிறான். சுற்று கூடினால் உள்ளே சுழலும் இரண்டு சின்ன எடைகள் விரிந்து எண்ணெயின் பாதையை மாற்ற, கோணம் தானே அதிகமாகிச் சுற்றைக் குறைக்கிறது, குறைந்தால் மாறாக. இங்கே மாறாதது எது, மாறுவது எது? ஒன்றை நிலையாக வைத்துக்கொள்வதற்காக மற்றொன்று ஓயாமல் வளைந்துகொடுக்கிறது. எதை நிலையாக வைப்பது என்பதை இங்கேயும் யாரோ ஒருவன் கையால் இழுத்துத் தீர்மானிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. எண்ணெய் அழுத்தம் போய்விட்டால் பிளேடு எந்தப் பக்கம் சாயும்? ஒற்றை இஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் சிறு கோணத்துக்குப் போய்விடும்படி அமைத்திருக்கிறார்கள். ஏனென்றால் இருப்பது ஒரே இஞ்சின், அது முழுச் சக்தியும் தந்தாக வேண்டும். இரட்டை இஞ்சினில் நேர்மாறு. செத்த இஞ்சினின் பிளேடு காற்றைத் தடுக்காமல், காற்றின் போக்கில் கத்தி விளிம்பைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும், மற்ற இஞ்சின் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆக எவ்வளவு சூட்சுமமான ஏற்பாட்டிலும், எல்லாம் கைவிட்ட பிறகு எந்தப் பக்கம் விழுவது என்பது தரையிலேயே, வரைபடத்திலேயே தீர்மானமாகி இருக்கிறது. தவிர அந்த ஏற்பாட்டுக்கு எடையும் பணமும் அதிகம். என் நண்பன் வேலை பார்க்கிற விமானங்களுக்கும், முந்நூறு பிரதிகூடப் போகாத பத்திரிகைகளுக்கும், குமாஸ்தாக்களுக்கும் அது கட்டுப்படியாகாது. நமக்கு வாய்த்தது போல்ட்டும் டார்க் ரெஞ்சும்தான்.

இதுவரை எழுதியது எனக்கே சௌகரியமாக இருக்கிறது. அதனால்தான் இத்தோடு நிறுத்த முடியவில்லை.

28 வயதில் எனக்கு ஆபீஸர் பிரமோஷன் வந்தது. பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். வேறு மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தரை மணிக்கு மேல் என் பொழுது என்னுடையதாக இருக்க வேண்டும், புத்தகங்களையும் இந்த நாலு நண்பர்களையும் விட்டு என்னால் இருக்க முடியாது என்பது காரணம். பின்னால் சமரசத்தைப் பற்றி நான் எழுதிய கடுமையான வாக்கியங்களுக்கெல்லாம் தைரியம் அந்தக் காகிதத்திலிருந்துதான் வந்தது. நெடுந்தூரத்துக்கு வைத்த கோணம் என்று இப்போது அதற்கு அழகான ஒரு பெயரும் கிடைத்துவிட்டது.

லிண்ட்பெர்க் தனியாகப் போனார். 16.25 என்று வைத்ததால் கம்பியில் மோதியிருந்தால் செத்திருப்பது அவர் ஒருவர்தான். அந்த முக்கால் டிகிரிக்கு இருக்கிற தார்மீகம் முழுக்க அந்த ஒற்றை ஆசனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்கு எட்டு மாதம் முன்னால், 1926 செப்டம்பரில், அதே திடலில் ரெனே ஃபோங்க் என்ற பிரெஞ்சுப் போர் விமானி மூன்று இஞ்சின் ஸிகோர்ஸ்கியில் அளவுக்கு மீறிய சுமையோடு கிளம்பினார். உள்ளே நான்கு பேர். விமானம் எழும்பவில்லை; ஓடுதளத்தின் முடிவில் விழுந்து எரிந்தது. ரேடியோக்காரரும் மெக்கானிக்கும் இறந்தார்கள். ஃபோங்க் பிழைத்தார். அவரும் தூரத்தை நினைத்துத்தான் அவ்வளவு சுமையை ஏற்றினார். எண்ணத்தில் லிண்ட்பெர்க்குக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின் ஆசனங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். இப்போது சாயந்திரம் ஐந்தரையிலிருந்து எட்டு வரை எங்கள் முன்கூடத்தில் 14 பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள். என் பொழுது என்னுடையதாக ஆகிற அதே ஐந்தரை மணி. நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பின்னங்களைக் கூட்டுகிற சத்தம் கதவைத் தாண்டி வருகிறது. பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அன்று அவளிடம் சொன்னேன், கேட்கவில்லை. சொல்வதற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரியும். பத்து வருஷத்தில் அவள் ஒருமுறையும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்பதை ஒரு நற்சான்று மாதிரி நான் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம் ஆபீஸில் புதிய சர்க்குலர் வந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம். இப்போது போனால் எங்கே போடுவார்கள் என்று தெரியாது. இப்போது போவது கோணத்தைத் திருப்பி வைப்பதா, போல்ட் நழுவுவதா என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்து அவள் ட்யூஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சர்க்குலரைப் பற்றிச் சொல்வதற்குப் பதிலாக லிண்ட்பெர்க்கின் கதையைச் சொன்னேன். 15.5, 16.25, சேறு, கம்பி எல்லாம் சொன்னேன். திருத்திக்கொண்டே கேட்டாள்.

"பாரிஸ்ல எறங்கறப்போ எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருந்துச்சு?"

"85 கேலன்."

"கெளம்பறப்போ?"

"451."

நோட்டின் ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தாள். "அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள். "அப்போ அந்தக் கம்பெனிக்காரங்க சொன்னபடியே வச்சிருக்கலாம் இல்லையா? அவ்வளவு பயந்துகிட்டு கம்பிய தாண்டியிருக்க வேண்டாமே."

எதிர்க்காற்று அடித்திருக்கலாம், வழி தவறியிருக்கலாம், இவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது என்றேன்.

"தெரியாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள். ஓரத்தில் போட்ட கணக்கை ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

சர்க்குலர் இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. கடைசித் தேதி இந்த மாதம் 30.